பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வருகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. ஏன்?

முதலில் ராமைப் பாருங்கள். ராம் என்பது கம்ப்யூட்டர் அந்த நேரத்து வேலையைப் பரப்பி வைக்கும் இடம், நம் சமையல் மேடை மாதிரி. சாமான்கள் பரணில், அதாவது ஹார்டு டிஸ்கில் இருக்கும். மேடை இல்லாமல் சமையல் தொடங்காது. அதனால்தான் ராம் தென்படாவிட்டால் மதர்போர்டு (எல்லா பாகங்களும் பொருத்தப்படும் பெரிய பலகை) பீப் அடிக்கிறது.

உடனே புது ராம் வாங்கிவிடாதீர்கள். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருக்கும் டிடிஆர்3 வகை ராமின் அடி விளிம்பில் 240 சின்னச் சின்னத் தங்க முலாம் பட்டைகள் உண்டு. வருடக்கணக்கில் தூசியும் பிசுக்கும் படிந்து, ஒன்றிரண்டு சரியாகத் தொடாமல் போனாலே போதும், ராம் தென்படாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இதை மறக்கவே கூடாது), ராமைக் கழற்றி, பட்டைகளை வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகளை வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் படும். காய்ந்த பிரஷ் போதும். அப்புறம் ராமைத் திரும்பச் செருகி, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது தகராறு என்று தெரிந்துவிடும்.

ஆன் ஆகியும் அடிக்கடி பிழைச் செய்தியோடு நீலத்திரை வந்தால், ராமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை நம்பாதீர்கள்.

ராமைக் கழற்றினால் போட்டோக்கள் அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அவை ஹார்டு டிஸ்கில் இருப்பவை, ராமைக் கழற்றுவதால் அழியாது.