‘எல்லோருக்கும் தெரிந்துவிட்டதோ?’ என்ற பயம்

கேள்வி: எனக்கு 27 வயது. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு மனச்சோர்வு வந்து, எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டுச் சரியாகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் நாலு பேர் முன்னால் பேசவே முடியவில்லை. பக்கத்தில் யாராவது நின்றால் கையெழுத்துப் போடக்கூடக் கை நடுங்குகிறது. நான் சிகிச்சை எடுத்தது தெரிந்துதான் இப்படிப் பார்க்கிறார்களோ என்று தோன்றுகிறது. மறுபடி மனநல மருத்துவரிடம் போனால் ‘இவன் அப்படித்தான்’ என்று முத்திரை குத்திவிடுவார்களே என்று போகாமல் இருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்து விஷயம். வீட்டில் தனியாக உட்கார்ந்து நூறு கையெழுத்துப் போட்டாலும் உங்கள் கை நடுங்காது என்றே நினைக்கிறேன். பக்கத்தில் ஒருவர் வந்து நின்றதும் பேனா பிடி கொள்ளாது, எழுத்து கோணும். சமூகப் பதற்றம், அதாவது நாலு பேர் கவனித்துக் குறை சொல்லிவிடுவார்களோ என்ற தீராத பயம், உள்ளவர்கள் அடிக்கடி சொல்லும் தொந்தரவு இது. தனியாக இருக்கும்போதும் நடுக்கம் இருந்தால் மட்டும் தைராய்டு பரிசோதனை செய்து பாருங்கள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி, தெரிந்துவிட்டதோ என்ற பயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி அதுதான்.

அமெரிக்க உளவியலாளர் அமெரிகோ ஃபரினாவும் அவருடைய குழுவினரும் 1971-ல் ஒரு சோதனை செய்தார்கள். மனநல சிகிச்சை எடுத்தவர்களை அழைத்து, முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்யச் சொன்னார்கள். பாதிப் பேரிடம், ‘நீங்கள் சிகிச்சை எடுத்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியும்’ என்றார்கள். மீதிப் பேரிடம் தெரியாது என்றார்கள். உண்மையில் எதிரில் இருந்தவரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் ‘தெரியும்’ என்று நம்பியவர்களுக்கு அவர் தங்களை மதிக்கவில்லை என்று தோன்றியது. வேலை கஷ்டமாக இருந்தது, சரியாகவும் செய்ய முடியவில்லை. வெளியிலிருந்து கவனித்தவர்களுக்கும் அவர்கள்தான் அதிகப் படபடப்போடு தெரிந்தார்கள்.

இதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எதிரில் இருந்தவர் எதுவுமே செய்யவில்லை. அவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கைதான் இவர்களைப் பதற வைத்தது.

1980-ல் கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இருவர் செய்த சோதனையும் இதே மாதிரிதான். முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பு வரைந்து, கண்ணாடியில் காட்டிவிட்டு, ‘காய்ந்துவிடாமல் இருக்கக் களிம்பு தடவுகிறோம்’ என்று சொல்லி அதை அழித்துவிட்டார்கள். தழும்பு இருப்பதாகவே நினைத்துப் போய், முன்பின் தெரியாத ஒருவரோடு பேசிவிட்டுத் திரும்பி வந்தவர்கள், ‘அவர் என் முகத்தையே முறைத்துப் பார்த்தார்’ என்றார்கள்.

நான் இப்படிச் சொல்வதால், எல்லாம் உங்கள் கற்பனை என்று தள்ளிவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். மனநோய் வந்தவர்களை ஒதுக்குவது நிஜமாகவே நடக்கிறது. வேலையிலும் கல்யாணப் பேச்சிலும் அதனால் அடிபட்டவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். ஆனால் ஊர் குத்தும் முத்திரை ஒன்று, அதை நாமே எடுத்து நம் மேல் குத்திக்கொள்வது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியவர் பேட்ரிக் காரிகன் என்ற ஆய்வாளர். ‘மனநோய் வந்தவர்கள் பலவீனமானவர்கள்’ என்று ஊர் சொல்வது முதலில் நம் காதில் விழுகிறது. பிறகு அது சரிதான் என்று தோன்றுகிறது. கடைசியில் ‘நானும் அப்படித்தான்’ என்று முடிகிறது. அதற்கப்புறம் ‘முயற்சி செய்து என்ன ஆகப் போகிறது’ என்ற சோர்வு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீங்கள் டாக்டரிடம் போகாமல் இருப்பதில் அந்தச் சோர்வும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சமூகப் பதற்றம் எப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது என்பதை கிளார்க், வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் விளக்கினார்கள். பயம் வந்ததும் கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா என்று நம்மையே காவல் காக்கிறோம். எதிரில் இருப்பவர் சிரித்ததுகூடக் கண்ணில் படாது. நடுக்கம் தெரியாமல் இருக்கப் பேனாவை இறுக்கிப் பிடிப்பீர்கள், அந்த இறுக்கமே நடுக்கத்தைக் கூட்டும். பேசாமல் தப்பித்த நாளில், ‘பேசாததால்தான் பிழைத்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசியும் பழகியும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சி.பி.டி., தான் முதல் தேர்வு. வழக்கமாக நான்கு மாதத்தில் சுமார் 14 அமர்வுகள். அதில் நீங்கள் பேசுவதை வீடியோ எடுத்து உங்களுக்கே போட்டுக் காட்டுவார்கள். ‘கை எவ்வளவு ஆடியிருக்கும்?’ என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம்தான் காட்டுவார்கள். மனத்தில் பூகம்பமாகத் தெரிந்த நடுக்கம் திரையில் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அந்த ஒரு நிமிடத்தில் பலருடைய முகம் தெளிவதை நான் பார்த்திருக்கிறேன். தேவைப்பட்டால் செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகளும் தருவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நடுவில் நீங்களாக நிறுத்த வேண்டாம். படபடப்பை அடக்கக் குடிக்கவே வேண்டாம், அது தனி நோயாக வளரும்.

சமூகப் பதற்றம் பெரும்பாலும் பதின்ம வயதில் ஆரம்பிப்பது. பள்ளியில் எழுந்து பதில் சொல்லவே பயந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானால் இது மனச்சோர்வுக்கும் முன்பே இருந்து, அப்போது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். டாக்டரிடம் இதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

யாரிடம் சொல்வது? அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. டாக்டரும் வெளியே சொல்ல மாட்டார். நீங்கள் நம்பும் ஒருவரிடம் மட்டும் சொல்லிப் பாருங்கள். குணமானவர் ஒருவரை நேரில் பார்த்துப் பழகுவது, வயதுவந்தவர்களிடம், பாடம் சொல்லிப் புரிய வைப்பதைவிட அதிகமாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்று 2012-ல் காரிகன் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது.

தூக்கம் கெடுவது, எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம், இதில் எது வந்தாலும் மனச்சோர்வு திரும்புவதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது யோசித்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே போங்கள். மற்றபடி இந்த வாரத்துக்குள் முன்பு பார்த்த அதே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். அங்கே பேச வாய் வராவிட்டால், எனக்கு எழுதிய இந்தக் கேள்வியையே ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.