எறும்பு ஃப்ளையை டிரவுட் ஏன் பார்த்துவிட்டுத் திரும்புகிறது?

கேள்வி: பென்சில்வேனியாவில் ஸ்பிரிங் கிரீக் ஓடையில் மீன் பிடிக்கிறேன். ஆகஸ்ட் மதியங்களில் மரக்கிளைகளுக்குக் கீழே பிரவுன் டிரவுட் மீன்கள் சத்தமில்லாமல் எதையோ உறிஞ்சுகின்றன. கடையில் வாங்கிய 14-ஆம் எண் கறுப்பு எறும்பு ஃப்ளையை (தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப் பூச்சி) போட்டால் கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: மீன் கிட்டே வந்து பார்க்கிறது என்றால் இடமும் சரி, எறும்பைத் தேர்ந்ததும் சரி. ஃப்ளை தண்ணீரில் உட்காரும் விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

தரையில் திரியும் எறும்பு தண்ணீரில் விழுந்தால் நிமிர்ந்து மிதக்காது, நீரின் மேல்படலத்தில் சிக்கிக்கொள்ளும். உடம்பில் பாதி நனைந்து, கால்கள் பக்கவாட்டில் பரப்பிக் கிடக்கும். கடை எறும்புகள் பலவற்றில் சேவலின் கழுத்து இறகைத் தாராளமாகச் சுற்றியிருப்பார்கள். அது உடம்பைத் தூக்கி நிறுத்திவிடும். கீழே இருக்கும் மீனுக்கு இறகு நுனிகள் படலத்தில் ஊன்றிய புள்ளிகள்தான் தெரியும், எறும்பு தெரியாது.

சின்னக் கத்தரியால் அடிப்பக்க இறகை வயிற்றோடு ஒட்ட வெட்டிவிடுங்கள். பக்கத்துக்கு நாலைந்து இழை மிஞ்சினால் போதும். அப்புறம் இடுப்பைப் பாருங்கள். பின்னால் பெரிய உருண்டை, முன்னால் சிறியது, நடுவில் வெறும் நூல் என்று இருக்க வேண்டும். உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வண்டுதான். நிறத்தைவிட இந்த இடுப்புக்கே நான் முக்கியத்துவம் கொடுப்பேன். மிதக்க வைக்கும் பசையையும் உடம்பு முழுக்கத் தடவாதீர்கள்.

உங்கள் மாநிலத்திலேயே, கார்லைல் ஊர்ப் பக்கம் ஓடும் லெடார்ட் ஓடையில் இதே புதிரை எதிர்கொண்டவர் ஃப்ளை மீன்பிடிப்பு எழுத்தாளர் வின்சென்ட் மரினாரோ. மீன்கள் எதையோ தின்கின்றன, தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கரைப் புல்லில் குப்புறப் படுத்து, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் எறும்பும் தத்துப்பூச்சியும் படலத்தில் மிதந்து போவது அவருக்குத் தெரிந்தது. நீங்களும் ஒருமுறை அப்படிப் படுத்துப் பாருங்கள், அளவு தானே புரிந்துவிடும். முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறிதாகும்; 14 என்பது பெரிய தச்செறும்புக்குச் சரி. சாதாரண நாட்களுக்கு 16, 18 எண் முட்களை வைத்துக்கொள்ளுங்கள். கறுப்போடு செம்பழுப்பிலும் இரண்டு இருக்கட்டும். ஃப்ளையைக் கட்டும் முனை நரம்பு 6எக்ஸ் தடிமன், அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டர்.

ஃப்ளை சரியாக இருந்தும் மீன் திரும்பினால் நரம்பு இழுக்கிறது என்று அர்த்தம். நடு ஓடையில் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் தண்ணீர் ஓடும் இடத்தில், நரம்பு முந்திக்கொண்டு ஃப்ளையைப் பக்கவாட்டில் நகர்த்தும். ஒரு விரற்கடை நகர்ந்தாலே டிரவுட் விலகிவிடும். மீனுக்குப் பின்னால், தண்ணீர் ஓடிப்போகும் பக்கம் மண்டியிட்டு, கோலைப் பக்கவாட்டில் வீசி, நரம்பு தொய்வாக விழும்படி போடுங்கள்.

இவ்வளவு தாழ உட்காரும் எறும்பு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. முதுகில் ஆரஞ்சு நூல் கட்டிய எறும்பு உதவும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வண்டு ஃப்ளையைக் கட்டி, அதன் முள் வளைவிலிருந்து அரை மீட்டர் நரம்பில் எறும்பைத் தொங்கவிடுங்கள். வண்டுக்குப் பக்கத்தில் எங்கே வளையம் எழுந்தாலும் கோலை மெல்ல உயர்த்துங்கள், வெடுக்கென்று இழுத்தால் 6எக்ஸ் தாங்காது.

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும், மழைக்குப் பிந்தைய வெக்கையான, காற்றில்லாத பிற்பகல்களில் கவனமாக இருங்கள். நம்மூரில் ஈசல் கிளம்புவது போல அங்கே சிறகெறும்புகள் இணைசேரக் கூட்டமாகக் கிளம்பி, தண்ணீரிலும் கொட்டும். அப்போது டிரவுட் வேறெதையும் சீந்தாது. பல இனங்களில் ஆண் சிறியது, ராணி பெரியது. எனவே 20, 22 எண்களிலும் 16-லும் சிறகு வைத்த எறும்பு பெட்டியில் இருக்க வேண்டும். அந்தக் கூத்து ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகலாம், கடைக்கு ஓடி வாங்கிவர நேரமிருக்காது.

ஸ்பிரிங் கிரீக்கின் பெரும்பகுதியில் மீனைத் திரும்ப விட வேண்டும் என்பது விதி. அதனால் முள்முனையில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். ஆகஸ்டில் வெப்பமானியும் கையில் இருக்கட்டும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிடித்து விட்ட மீனும் பிழைப்பது கடினம். அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, மறுநாள் விடிகாலையில் போங்கள்.