வேடந்தாங்கலில் பறவைகள் வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியுமா?

கேள்வி: டிசம்பரில் வேடந்தாங்கல் போனோம். கரை முழுக்க நடந்தும் தூரத்து மரங்களில் வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிந்தன. ஒன்பது வயது மகனுக்கு ஏமாற்றம். 20×50 பைனாகுலர் வாங்கலாமா? வேறொரு ஏரியில் கூட்டுக்குப் பக்கத்திலேயே கூட்டிப்போவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். போகலாமா?

பதில்: 20×50 வேண்டாம், 8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். இருபது மடங்கு என்றால் கை நடுக்கமும் இருபது மடங்கு; முக்காலி இல்லாமல் நாரையா கொக்கா என்றே பிடிபடாது. மகனுக்கு எடை குறைந்த 8×32 போதும்.

ஆன்லைனில் ‘100×180’ என்று அச்சடித்து மலிவாக விற்பதைத் தொடவே தொடாதீர்கள். அந்த எண் உண்மையென்றால் ஒவ்வொரு முன்கண்ணாடியும் 18 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியில் அது எப்படி வரும்? அப்பட்டமான பொய். குழந்தைக்கு ஆசையாக வாங்கிக்கொடுத்து ஏமாந்தவர்கள் எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ‘ஜூம்’ பைனாகுலரும் வேண்டாம்.

எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நடுப்பகலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்நேரம் ஏரிமேல் கானல் அலையும், எந்தக் கருவியாலும் பயனில்லை. மூன்றரை மணிக்கு மேல் போய், வெயில் முதுகில் விழுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். இரை தேடப் போனவை பொழுது சாயச் சாயக் கூட்டமாகத் திரும்பும். நத்தைகுத்தி நாரையின் அலகைக் காட்டுங்கள்: மூடியிருக்கும்போதும் நடுவே ஒரு சந்து இருக்கும், அதன் வழியே அந்தப்பக்கம் தெரியும். பையன் அதற்கப்புறம் கருவியைத் திருப்பித்தர மாட்டான்.

எத்தனை மணிக்கு வரலாம், ஏரியில் தண்ணீர் எவ்வளவு, இப்போது என்ன பறவை கூடு கட்டியிருக்கிறது என்று நம் சரணாலயங்களில் டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். சாக்பீஸ் செலவுதான். வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்தாயிற்று.

சரி, அந்த வாட்ஸ்அப் ஆள். ஒரு ரூபாய்கூட முன்பணம் அனுப்பாதீர்கள். கூட்டருகே ஆள் வந்தால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அதுவரை சிறகை விரித்து அது குஞ்சுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். அது எழுந்த சில நிமிடத்தில் குஞ்சு வெயிலில் துவண்டுபோகும், முட்டையைக் காக்கை தூக்கிவிடும். ‘பறக்கிற படம்’ கிடைக்கக் கல்லெறிகிற, கைதட்டுகிற வழிகாட்டிகளும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முட்டையையும் கூட்டையும் கலைப்பது குற்றம். மாட்டினால் நீங்களும் சேர்ந்துதான் மாட்டுவீர்கள்.

பக்கத்தில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன்: நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டை ஒட்டிய மரங்களில் கூடு கட்டுகின்றன. கீழே துணி காயும், பிள்ளைகள் விளையாடுவார்கள், பறவை அசையாது. தலைமுறை தலைமுறையாக ஊரார் தொந்தரவு செய்யாததால் வந்த பழக்கம் அது. அதனால் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் அது அந்தத் தெருவுக்கு மட்டும்தான். அதே ஊர்க் குளத்துக்குள் இறங்கினால் எல்லாம் பறந்துவிடும். யார் வீட்டு முற்றத்திலாவது நிற்பதானால் முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கேமராவில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். பையனுக்கு ஒரு தொப்பி கட்டாயம், மேலிருந்து எச்சம் விழும்.