வெளி மாநிலத்துல சலான் விழுந்தா என்ன பண்றது?

கேள்வி: போன மாசம் மச்சானோட காரை வாங்கிட்டு குடும்பத்தோட வேலூர்ல இருந்து மைசூர் போனோம். பெங்களூரு தாண்டினதும் ரோடு நல்லா இருந்துச்சு, கொஞ்சம் அழுத்திட்டேன். இப்ப 118 கிலோமீட்டர் வேகத்துல போனதா மச்சான் போனுக்கு ஃபைன் மெசேஜ் வந்திருக்கு. இதுக்காக கர்நாடகா கோர்ட்டுக்கு அலையணுமா? கட்டாம விட்டா இங்க யாரு கேக்கப்போறாங்கன்னு ஃப்ரெண்டு சொல்றான், சரியா?
- வாசகர், வேலூர்

பதில்: ஃப்ரெண்டு பேச்சை தயவுசெஞ்சு கேக்காதீங்க. வண்டி நம்பரை வச்சு போடுற இ-சலான், அதாவது ஆன்லைன் ஃபைன் நோட்டீஸ், நாடு முழுக்க ஒரே சிஸ்டத்துல ஏறுது, கர்நாடகாவுல போட்டது வேலூர் ஆர்டிஓ ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் தெரியும். நாளைக்கு மச்சான் காரை விக்கப் போனா ஓனர் பேரு மாத்த முடியாம அங்க வந்து நிக்கும், அப்ப மாட்டுறது நீங்க இல்ல, நம்பி சாவி கொடுத்த மச்சான். அதனால முதல்ல அவருக்கு போன் போட்டு "நான் பாத்துக்கறேன் மச்சான்"னு சொல்லிடுங்க.

அடுத்தது, மெசேஜ்ல இருக்கிற லிங்க்கை தொடாதீங்க. சலான் பேரைச் சொல்லி வாட்ஸ்அப்ல ஏபிகே ஃபைல் (போன்ல ஆப்பை ஏத்துற ஃபைல்) அனுப்பி பேங்க் பணத்தை சுத்தமா வழிச்சுட்டுப் போற கும்பல் நிறைய இருக்கு. நீங்களே பிரவுசர்ல இசலான் பரிவாஹன் சைட்டுக்குப் போங்க, அட்ரஸ் கடைசியில கவ் டாட் இன் (gov.in)னு முடியுதான்னு பாத்துக்கோங்க, வண்டி நம்பரோட சேஸிஸ் இல்லன்னா இன்ஜின் நம்பரோட கடைசி 5 எழுத்து கேக்கும், அது ஆர்சி புக்ல இருக்கும். சலான் நிஜம்னா இடம், தேதி, நேரம் எல்லாம் அதுல வரும், போட்டோவும் இருந்தா திறந்து பாருங்க. வேற வண்டியோட நம்பரை கேமரா தப்பா படிச்சிருந்தா இங்கயே தெரிஞ்சிடும்.

பெங்களூரு மைசூர் ரோட்டுல காருக்கு லிமிட் 100, வழி நெடுக கேமரா இருக்கு. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி கார் ஓவர் ஸ்பீடுக்கு ஃபைன் 1000ல இருந்து 2000 வரைக்கும். அந்த ரோட்டுல விபத்து அதிகமாகித்தான் 2023 ஆகஸ்ட்ல பைக், ஆட்டோவுக்கெல்லாம் தடை போட்டாங்க, 2024 ஆகஸ்ட்ல இருந்து 130ஐ தாண்டினா எஃப்ஐஆரே போடுவோம்னு கர்நாடகா போலீஸ் அறிவிச்சிருக்காங்க. 118ங்கறது குழந்தைகளை உக்கார வச்சுட்டு போற வேகம் இல்லங்க, இதை கோவத்துல சொல்லல, அக்கறையில சொல்றேன்.

தப்பு உங்க மேலன்னா ஆன்லைன்ல கட்டி ரசீதை மச்சானுக்கு அனுப்பிடுங்க, எங்கயும் அலைய வேண்டாம். ரொம்ப நாள் விட்டா வெர்ச்சுவல் கோர்ட்டுக்கு, அதாவது ஆன்லைன் கோர்ட்டுக்குப் போகும், அங்கயும் வீட்டுல இருந்தே கட்டலாம். ஆனா அங்க "நான் அந்த வேகத்துல போகல"ன்னு எதிர்த்து வாதாடணும்னா கேஸ் சம்பவம் நடந்த ஊர் கோர்ட்டுக்குப் போயிடும், நீங்களோ வக்கீலோ அங்க போய்த்தான் ஆகணும். கையில நல்ல ஆதாரம் இருந்தா மட்டும் அந்த வழிக்குப் போங்க. யாரு ஓட்டினதுன்னு போலீஸ் கேட்டா டிரைவர் பேரு, லைசென்ஸ் விவரம் சொல்லவேண்டியது ஓனரோட கடமை, மச்சான் உங்க பேரைத்தான் சொல்லியாகணும், அதுக்கு அவரு மேல வருத்தப்படாதீங்க.

கேள்வி: வெளியூர்ல போலீஸ் நிறுத்தினா ஒரிஜினல் ஆர்சி, லைசென்ஸ் காட்டித்தான் ஆகணுமா?
- வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம்மா, கவர்மென்ட்டோட டிஜிலாக்கர்ல இல்லன்னா எம்பரிவாஹன் ஆப்ல இருந்தா போதும், எந்த மாநிலத்துலயும் செல்லும். போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கறது வேற, அது செல்லாது. லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டா அதுக்கு எழுத்துல ஒப்புகைச் சீட்டு கேளுங்க, லைசென்ஸ் திரும்ப கைக்கு வர வரைக்கும், இல்ல அந்தச் சீட்டுல போட்டிருக்கிற தேதி வரைக்கும் அதை வச்சு ஓட்டலாம். கையில காசு கேட்டா ரசீது இல்லாம கொடுக்காதீங்க, ஊரு தெரியாது பாஷை தெரியாதுன்னு பயப்படாம "சலான் போடுங்க சார், கட்டிக்கறேன்"னு மரியாதையா சொல்லுங்க.