எண்ணெய் ஈரானுடையது, கணக்குப் புத்தகம் யாருடையது?

கேள்வி: ஒரு நாட்டின் எண்ணெயை வெளிநாட்டுக் கம்பெனி எடுத்தால் என்ன நஷ்டம்? நிலம் அந்த நாட்டினுடையது, பங்கும் வந்துவிடுகிறதே?

நான் பதினெட்டு வருஷமாக ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவன். ‘பங்கு வருகிறதே’ என்றதும் எனக்கு ஈரானின் பழைய ஒப்பந்தம்தான் ஞாபகம் வந்தது.

1901-ல் வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற பிரிட்டிஷ் தொழிலதிபருக்கு ஈரான் மன்னர் 60 ஆண்டு உரிமை எழுதிக் கொடுத்தார். வடக்கே ஐந்து மாகாணங்கள் நீங்கலாக நாடு முழுக்க எண்ணெய் தேடலாம், எடுக்கலாம், விற்கலாம். பதிலுக்கு 20,000 பவுண்டு ரொக்கம், அதே மதிப்புக்குப் பங்குகள், அப்புறம் வருஷா வருஷம் நிகர லாபத்தில் 16 சதவீதம்.

அந்த ‘நிகர லாபம்’ என்ற இடத்தில்தான் ஈரான் மாட்டிக்கொண்டது. டன்னுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் எடுத்த எண்ணெயை அளந்து பார்த்துக் கேட்கலாம். நிகர லாபம் என்றால் எது செலவு, எந்தக் கிளைக் கம்பெனியின் வருமானம் சேரும், என்ன விலைக்கு விற்றதாகக் காட்டுவது என்று எல்லாமே கணக்கு எழுதுகிறவர் கையில். குத்தகைக்காரரே களத்து நெல்லை அளந்து, கூலியையும் வண்டி வாடகையையும் அவரே கழித்துக்கொண்டு, மிச்சத்தில் ஆறில் ஒரு பங்கை நில உடைமைக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போவதைப் போல.

1908-ல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்தது. பிரிட்டிஷ் கப்பற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த நேரம். 1914-ல் கப்பற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் முன்னின்று, டார்சியின் உரிமையை வைத்து எண்ணெய் எடுத்த ஆங்கிலோ-பெர்சியன் ஆயில் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கைப் பிரிட்டிஷ் அரசாங்கமே வாங்க வைத்தார். கூடவே கப்பற்படைக்குச் சலுகை விலையில் எண்ணெய். அந்த விலை ரகசியம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே வீடு. சலுகை கூடினால் கம்பெனியின் லாபம் குறையும், லாபம் குறைந்தால் ஈரானின் 16 சதவீதமும் சேர்ந்து குறையும். இப்படியொரு கணக்கு என் மேஜைக்கு வந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

1930-ல் 12 லட்சம் பவுண்டைத் தாண்டிய ஈரானின் வருமானம், உலக மந்தத்தின்போது 1931-ல் 3 லட்சத்துச் சொச்சமாக விழுந்தது. மறுவருஷம் அப்போதைய மன்னர் ரெசா ஷா கோபத்தில் எண்ணெய் ஒப்பந்த ஃபைலை எடுத்து அடுப்பில் போட்டார் என்பார்கள். ஆனால் 1933-ல் அவரே புது ஒப்பந்தம் போட்டு, கம்பெனிக்கு 1993 வரை கெடு நீட்டித்தார். பங்கு கொஞ்சம் தேறியது. இருந்தும் 1940-களின் கடைசியில் கம்பெனி பிரிட்டனுக்குக் கட்டிய வரி ஈரானுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

1951 மார்ச்சில் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அதற்கு முன்னின்று போராடிய மொசாதெக் அடுத்த மாதமே பிரதமரானார். எண்ணெய்க் கிணறுகள், அன்றைக்கு உலகிலேயே பெரியதாக இருந்த அபாதான் சுத்திகரிப்பு ஆலை எல்லாம் ஈரான் கைக்கு வந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை. டாங்கர்களும் சந்தையும் பெரிய கம்பெனிகளிடம் இருந்தன, வாங்க வருபவர்களைப் பிரிட்டன் மிரட்டியது. 1952-ல் ரோஸ் மேரி என்ற கப்பல் துணிந்து ஈரான் எண்ணெயை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அதைப் பிரிட்டிஷ் வசமிருந்த ஏடனுக்குத் திருப்பினார்கள். எண்ணெய் பழைய கம்பெனிக்கே சொந்தம் என்று ஏடன் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மொசாதெக் பிடிவாதக்காரர், இறங்கிப் போயிருக்கலாம் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்துச் சவூதிக்கு 1950 டிசம்பரிலேயே அமெரிக்கக் கம்பெனிகள் லாபத்தில் சரிபாதி தரச் சம்மதித்துவிட்டன. ஈரான் கேட்டது ஊரில் இல்லாத நியாயம் அல்ல.

1953 ஆகஸ்டில் அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் சேர்ந்து மொசாதெக்கைக் கவிழ்த்தன. 1954-ல் புது ஒப்பந்தம். ஈரான் எண்ணெயை எடுத்து விற்கும் கம்பெனிகளின் கூட்டமைப்பில் பழைய கம்பெனிக்கு 40 சதவீதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6. எண்ணெய் ஈரானுக்குச் சொந்தம் என்று காகிதத்தில் இருந்தது. லாபத்தில் பாதியும் ஈரானுக்குக் கொடுத்தார்கள். ஆனால் ஈரானிய ஆடிட்டர்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க மட்டும் அனுமதி தரவில்லை.