குமுளியில் வாங்கின தூள் ஏன் மணக்கவில்லை?

வாங்குவோர் கேள்வி-பதில்: இந்த முறை எல்லாமே காப்பி

கேள்வி: குமுளி போனபோது ஒரு பெரிய மசாலாக் கடையில் 'எஸ்டேட் காப்பி' என்று அரைக் கிலோ தூள் வாங்கினோம். கடையில் பாட்டிலைத் திறந்து காட்டினார்கள், கமகமவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து பாக்கெட்டைப் பிரித்தால் வாசனையே இல்லை. டிக்காஷன் மட்டும் கருகருவென்று இறங்குகிறது. ஏமாந்துவிட்டோமா? கடை கேரளாவில் இருக்கிறது, நாங்கள் இருப்பது கம்பத்தில். யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: முதலில் பாக்கெட்டைத் திருப்புங்கள். தேயிலைத் தோட்டமும் யானையும் இருக்கிற பக்கம் வேண்டாம், பொடி எழுத்து இருக்கிற பக்கம். காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அங்கே அச்சடித்திருக்க வேண்டும். அது சட்டம். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும் சட்டம். அதாவது, 49 பங்கு சிக்கரி இருந்தாலும் சட்டப்படி அது ஒழுங்கான சரக்குதான். நிறம் இருக்கிறது, மணம் இல்லை என்றால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத், உத்தரப் பிரதேசம் பக்கம் விளைகிறது. வறுத்து அரைத்தால் நிறமும் கெட்டியும் கொடுக்கும். காப்பியின் மணத்தை அதனால் கொடுக்க முடியாது.

ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கால் ஸ்பூன் தூளைத் தூவிப் பாருங்கள். காப்பி கொஞ்ச நேரம் மேலேயே மிதக்கும். சிக்கரி உடனே இறங்கும், இறங்கும்போதே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போகும். முதல் சில நொடிகளைத்தான் பார்க்க வேண்டும். இதை வைத்துச் சதவீதம் சொல்ல முடியாது. 'சுத்தக் காப்பி' என்று எழுதிய பாக்கெட்டில் கோடு இழுத்தால் மட்டும் கேள்வி கேட்கலாம்.

நான் சிக்கரிக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டில் 80-க்கு 20 தான், சுத்தக் காப்பி போட்டால் "என்ன இது, தண்ணியா இருக்கு" என்று பேச்சு வரும். ஆனால் காப்பி விலை கொடுத்து வேரை வாங்கக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60:40 தூள் அரைக் கிலோ 400 ரூபாய், 80:20 தூள் அரைக் கிலோ 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் காப்பி 300 கிராம். நூறு கிராம் காப்பிக்கு 133 ரூபாய் ஆகிறது. இரண்டாவதில் 400 கிராம். நூறு கிராமுக்கு 120 ரூபாய். விலை குறைந்த பாக்கெட்தான் கூடுதல் விலை.

நானும் இதே குமுளி மேட்டில் ஏமாந்தவன்தான். கடைப் பெயர் வேண்டாம். அழகான துணிப்பை, ஓலைக் கயிறு. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தால் காப்பி 53, சிக்கரி 47. தயாரித்த முகவரி, மலை கண்ணிலேயே படாத ஒரு சமவெளி ஊர். பேக் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எல்லாம் அச்சில் இருந்தது. படிக்காதது நான்.

சரி, உங்கள் பாக்கெட்டில் சதவீதமே போடவில்லை, 14 இலக்க உணவு உரிம எண் இல்லை, எடை குறைகிறது, அல்லது பாட்டிலில் காட்டியது ஒன்று கொடுத்தது ஒன்று என்று நிரூபிக்க முடியும் என்றால், பில்லோடு முதலில் கடைக்கு எழுதுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மேலே போவதென்றால் மலையேற வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்குத் தேனி போதும். எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி, பலருக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அரைக் கிலோ தூளுக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் கோபத்தைப் பொறுத்தது.

கேள்வி: போடியில் நான் வாங்கும் கடையில் பீபெரிக்குக் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: சாதாரணமாக ஒரு காப்பிப் பழத்துக்குள் ஒரு பக்கம் தட்டையாக இரண்டு கொட்டை இருக்கும். சில பழங்களில் ஒன்றுதான் வளரும், அது உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெரி. உருண்டையாகவும் ஒரே அளவாகவும் இருப்பதால் சீராக வறுபடும். அவ்வளவுதான் அதன் பெருமை. 'பிளான்டேஷன் ஏ' என்பதும் பதப்படுத்திய முறையையும் கொட்டையின் அளவையும் சொல்லும் பெயர், ருசிக்குக் கொடுத்த மார்க் இல்லை. கொட்டையாக எடுத்துக் காட்டி, உங்கள் கண் முன்னால் அரைத்தால் கொடுங்கள். ஏற்கெனவே தூளாக இருப்பதைப் பீபெரி என்றால் அதைக் கடவுளும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறேன், வயது 24. கொஞ்ச நாளாகக் காப்பிப் பைத்தியம். ஆரியங்காவு தாண்டிப் போய்க் கொல்லம், கொச்சி வரை புதுக் காப்பிக் கடைகளைத் தேடிப் போகலாம் என்று திட்டம். பார்க்க எல்லாக் கடையும் ஒரே மாதிரி இருக்கின்றன: செங்கல் சுவர், தொங்கும் பல்பு. எதில் உட்காருவது, எதில் உட்காரக் கூடாது?

பதில்: சுவரை விடுங்கள், கல்லாப் பக்கம் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தக் கொட்டை எப்போது வறுத்தது?" சரியான கடையில் பையை எடுத்து நீட்டுவார்கள். அதில் தேதி இருக்கும், தோட்டத்தின் பெயர், பதப்படுத்திய விதம், பல நேரம் செடியின் ரகம்கூட இருக்கும். "ரொம்ப ஃப்ரெஷ் சார்" என்று பதில் வந்தால் ஒரு எலுமிச்சை ஜூஸ் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

பேக்கிங் தேதியும் வறுத்த தேதியும் ஒன்றல்ல. வறுத்த தேதி போட வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் போடுகிறவர்களுக்கு என் மனதில் தனி இடம். வறுத்த கொட்டை சில நாள் கரியமில வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பையில் பொத்தான் மாதிரி ஒரு வால்வு இருக்கிறதே, அது அதற்குத்தான். வறுத்து நாலைந்து நாளிலிருந்து ஒரு மாதம் வரை நல்ல பருவம். தூளாக்கிவிட்டால் அந்தக் கணக்கு நாட்களில் முடிந்துவிடும். அதனால் வழியில் கொட்டை வாங்குவதானால் எங்கேயும் 100, 250 கிராமுக்கு மேல் வேண்டாம்.

அப்புறம், போகிற கடையில் எல்லாம் ஒரே பானத்தைச் சொல்லுங்கள். ஒரு கடையில் லாட்டே, இன்னொன்றில் கோல்ட் ப்ரூ என்று குடித்தால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல், ஒரு போர் ஓவர், அதாவது வடிதாளில் போட்ட தூள்மேல் வெந்நீர் ஊற்றி இறக்கும் காப்பி. (என் மாமா ஒரு கடைப் பலகையில் இதைப் படித்துவிட்டு "எந்தப் போர்?" என்று கேட்டார்.) பால் பல குற்றங்களை மறைக்கும். முதல் வாயில் தீர்ப்புச் சொல்லாதீர்கள், பாதிக் கோப்பையை ஆற விடுங்கள். நல்ல கொட்டை ஆற ஆறப் பழப் புளிப்பும் இனிப்பும் காட்டும். தீய வறுத்தது ஆறினால் கரி, கசப்பு, சாம்பல்.

செங்கல் சுவர்க் கடைகளோடு நிறுத்தாதீர்கள். கேரளத்தில் இந்தியன் காஃபி ஹவுஸ் எந்த ஊரில் கண்ணில் பட்டாலும் ஏறுங்கள். மத்திய அரசின் காப்பி வாரியம் தன் கடைகளை மூடி வேலையாட்களை வெளியே அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று அவர்களையே முதலாளிகளாக்கிய கூட்டுறவு அது. கேரளத்தில் முதல் கடை 1958-இல் திருச்சூரில் திறந்தது. விசிறித் தலைப்பாகைக்காரர் கொண்டுவரும் பால் காப்பிக்கு யாரும் நூற்றுக்கு எண்பது மார்க் போட மாட்டார்கள். நான் போடுவேன்.

ஒரு எச்சரிக்கை. மலையாளச் சாயாக் கடையில் 'கட்டன் காப்பி' என்றால் நம் வரக்காப்பி. கேட்காமலே சர்க்கரை விழும். "விதவுட்" என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: பந்தலூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் ரொபஸ்டா வைத்திருக்கிறோம். சுல்தான் பத்தேரியில் ஒரு காப்பிக் கடைப் பையன், "ஸ்பெஷாலிட்டி என்றால் அரபிக்கா மட்டும்தான்" என்றான். எங்கள் அப்பாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. உண்மைதானா?

பதில்: பையனுக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. அரபிக்கா, ரொபஸ்டா இரண்டும் காப்பிச் செடியின் இரண்டு இனங்கள். ருசித்துப் போடும் மதிப்பெண்ணில் நூற்றுக்கு 80-உம் அதற்கு மேலும் வாங்கும் அரபிக்காவை ஸ்பெஷாலிட்டி என்கிறார்கள். ரொபஸ்டாவுக்கும் அதே மாதிரி ருசித்து மதிப்பெண் போடும் தனி முறை இருக்கிறது; 80-ஐ எட்டினால் 'ஃபைன் ரொபஸ்டா'. உங்கள் பக்கத்து வீடான வயநாட்டு ரொபஸ்டாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். காஃபீன் அரபிக்காவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, புளிப்புக் குறைவு, கெட்டி அதிகம். பாலும் சர்க்கரையும் ஊற்றிய பிறகும் 'நான் காப்பி' என்று நிற்பது அதுதான்.

ரொபஸ்டாவுக்குக் கெட்ட பெயர் வந்தது செடியால் அல்ல, களத்தால். பச்சை, செங்காய், பழம் எல்லாவற்றையும் ஒரே உருவலில் உருவி, மண் தரையில் காயப் போட்டு, மழையில் நனைந்து, அப்படியே 54 கிலோ மூட்டையில் உண்டக்காப்பியாக (தோலோடு காய்ந்த முழுப் பழமாக) போனால் மண் வாடை வராமல் என்ன செய்யும்? பழுத்ததை மட்டும் பறித்து, தரையில் படாமல் வலைத் தட்டில் காய வைத்து, ஒரு மூட்டை மட்டும் தனியாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். வயநாட்டுச் சுண்டேலில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உங்களுக்குத் தூரமில்லை. அங்கே கேட்டுவிட்டுத் தொடங்கலாம். அந்த மூட்டையில் ஒரு கிலோவை வறுத்து, அதே பையனிடம் பெயர் சொல்லாமல் அப்பாவையே கொடுக்கச் சொல்லுங்கள்.

(நீலகிரிக் கூடலூரிலிருந்தும் இதே மாதிரி ஒரு கேள்வி வந்திருக்கிறது. எங்கள் தேனிக் கூடலூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். பதில் அவருக்கும் இதேதான்.)

கேள்வி: பாலக்காட்டில் ஒரு கடையில் ஒரு கோப்பைக் கறுப்புக் காப்பி 220 ரூபாய். மேலே ஜி.எஸ்.டி., அதற்கும் மேலே சர்வீஸ் சார்ஜ். கூடவே வாங்கின 250 கிராம் கொட்டைப் பைக்கும் எம்.ஆர்.பி.க்கு மேல் 5 சதவீதம் போட்டுவிட்டார்கள். கொள்ளை இல்லையா?

பதில்: மூன்றும் மூன்று விஷயம். 220 கொள்ளையா என்றால், இல்லை. ஒரு கோப்பைக்குக் கொட்டை 15 கிராம் போகும். 250 கிராம் பை 600 ரூபாய் என்றால் கொட்டைக்கு மட்டும் 36 ரூபாய். மிச்சம் வாடகை, மின்சாரம், மூன்று நான்கு நிமிடம் உங்களுக்காக மட்டும் நின்று தண்ணீர் ஊற்றிய ஆள். பிடிக்கவில்லை என்றால் பலகையைப் பார்த்துவிட்டே எழுந்து வந்திருக்கலாம்.

கடையில் குடித்ததற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சரி, பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால். 'காம்போசிஷன்' (சிறு கடைகளுக்கான தனி வரித் திட்டம்) என்று எழுதிய பில் என்றால் உங்களிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. சர்வீஸ் சார்ஜை அவர்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. "எடுத்துவிடுங்கள்" என்று சொன்னால் போதும், பெரும்பாலும் முகம் சுளிக்காமல் எடுத்துவிடுவார்கள்.

பைக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வரி போட்டதுதான் தவறு. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முப்பது ரூபாயாக இருந்தாலும் கேளுங்கள்.

கேள்வி: தேக்கடியில் புனுகுப்பூனைக் காப்பி என்று சின்ன டப்பாவில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பூனை பழத்தைத் தின்று எச்சத்தில் போட்ட கொட்டைதானா என்று நீங்கள் கடையில் நின்று சோதிக்க வழியில்லை. நிஜமாகவே அதுதான் என்றால், அந்தப் பூனை கூண்டில் அடைபட்டதாக இருக்கலாம்.