சர்ச்சுக்குத் தவறாமல் போகிறேன், ஆனாலும் தனியாகத்தான் இருக்கிறேன். விசுவாசத்தில் ஊக்கமும் ஐக்கியமும் எங்கே கிடைக்கும்?

"ஆராதனை முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு நேரே பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுவேன், யாரோடும் பேசுவதில்லை" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். சென்னைக்கு வந்த புதிதில் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம், நாசரேத் பக்கம். அங்கே ஐக்கியத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. கோயில் மணி அடித்தால் ஊரே எழும்பும். வருடத்துக்கு ஒரு முறை அசனம், அதாவது கோயிலில் ஊரே சேர்ந்து சாப்பிடுகிற விருந்து. பனையேறுகிறவரும் காலேஜ் புரொபசரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வர முடியாத வயசாளிகளுக்குத் தூக்குவாளியில் பங்கு போகும். எங்கள் தெருவுக்கு வாளி கொண்டுபோகிற வேலை என்னுடையது. "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாரு, ஏட்டி" என்று கன்னத்தைத் தடவிக் கொடுப்பார்கள். வராதவர் யார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது என்பதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தோம். பெரிய சபை, நல்ல பிரசங்கம், அருமையான பாடகர் குழு. அப்புறம் ஊரில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு நகர முடியாமல் போனது. நான் வராததை சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வந்தபோதே என்னைத் தெரியாதவர்களுக்கு, வராதபோது எப்படித் தெரியும்?

அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்தபோது, அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருப்பதாகச் சொல்லிக் கூட்டி வந்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டுவிட்டுக் கை கழுவியவர், அம்மா தலைமாட்டில் இருந்த வேதப்புத்தகத்தைப் பார்த்தார். "எந்தச் சபைம்மா?" என்றார். சொன்னேன். அவரும் அதே சபை. இரண்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் திருவிருந்து எடுத்திருக்கிறோம், ஒருவரையொருவர் தெரியாது. "வியாழக்கிழமை ஏழு மணிக்கு எங்க வீட்ல ஜெபம். உன்னால வர முடியாதுல்ல? நாங்க இங்க வந்துடறோம்" என்றார்.

ஒன்பது பேர் வந்தார்கள். கட்டிலைச் சுற்றிப் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், அவ்வளவுதான். பிறகு அந்த நர்ஸ் அக்கா ஒரு நோட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு. முதல் கட்டத்தில் தேதி, அடுத்து பெயர், அடுத்து காரியம். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. என்ன ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அம்மா இடது கையால் வலது கையைத் தொட்டுக் காட்டினார். "வலது கை" என்று எழுதிக்கொண்டார் அக்கா.

அடுத்த வியாழன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்: "வலது கை எப்படி இருக்கு?"

அன்றைக்குச் சமையலறைக்குப் போய் அழுதேன். ஒரு வாரம் முழுவதும் என் அம்மாவின் கையை இன்னொருவரும் மனதில் சுமந்திருக்கிறார். அந்தக் கை கடைசிவரை சரியாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஆயர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுத்தார். அம்மா முனகாமல் தூங்க ஆரம்பித்தார். பதினொரு வாரம் கழித்து அந்தக் காலிக் கட்டத்தில் அக்கா எழுதியது: "இரவில் நல்ல தூக்கம். ஸ்தோத்திரம்."

எபிரெயர் 10:25-ஐ நாம் பெரும்பாலும் ஞாயிறு வராதவர்களைக் கண்டிக்கத்தான் எடுக்கிறோம். "சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். வசனம் அதோடு முடியவில்லை, "ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்" என்று தொடர்கிறது. புத்திசொல்வது என்றால் நமக்கு அட்வைஸ் நினைவுக்கு வரும். மூல கிரேக்கச் சொல்லில் ஆறுதலும் ஊக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. பர்னபா என்ற பெயருக்கு "ஆறுதலின் மகன்" என்று அப்போஸ்தலர் 4-இல் பொருள் சொல்லியிருக்கிறதே, அதுவும் இதே சொல்லின் குடும்பம்தான். அந்த பர்னபா என்ன செய்தார் பாருங்கள். விசுவாசிகளைத் துன்புறுத்தி வந்து மனம் மாறிய சவுலுக்கு (பின்னாளில் பவுல்) எருசலேமில் எல்லோரும் பயந்து ஒதுங்கியபோது, அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனார். பிறகு தர்சு வரைக்கும் போய்த் தேடி அந்தியோகியாவுக்குக் கூட்டி வந்தார். ஊக்கம் என்றால் எனக்கு இப்படித் தேடிப் போவதுதான்.

ரோமர் 16-ஐயும் நிதானமாக வாசியுங்கள். பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிவிடுகிற அதிகாரம். அதில் பவுல் ரூப் என்பவரின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். அவ்வளவு பெரிய அப்போஸ்தலனுக்கும் சோறு போட ஒரு அம்மா தேவைப்பட்டிருக்கிறது.

பெரிய சபைக்குள் சின்னக் கூட்டம் என்பது புதிய யோசனை இல்லை. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் ஜெபவீட்டுக் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பிரித்து, வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்று முடிவாயிற்று. வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்களுக்கு, எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் சண்டை, யார் விசுவாசத்தில் தளர்ந்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிய வந்தது. வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு பேர் குழுக்கள்தான் மெதடிஸ்டு சபையின் முதுகெலும்பாயின. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையாக (சிஎஸ்ஐ) ஒன்று சேர்ந்தவர்களில் மெதடிஸ்டுகளும் உண்டு. ஆக, நம் வியாழக்கிழமைப் பாயில் அந்தப் பென்னிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் எந்தச் சபை என்று சொல்லவில்லை. சிஎஸ்ஐ என்றால் பகுதி ஜெபக்கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் ஐக்கியம் இருக்கும். கத்தோலிக்கர் என்றால் உங்கள் பங்கில் அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துச் சிறு குழு இருக்கிறதா என்று கேளுங்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் வீட்டு ஜெபம் இல்லாத இடம் குறைவு. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லாத கூட்டமாகப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஒருவர் கண்ணீரோடு சொன்னது மறுநாள் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் ஊர் சுற்றுகிற கூட்டங்களும் உண்டு. "உனக்கு விசுவாசம் போதாது, அதான் சுகம் வரலை" என்கிறவர்களும் உண்டு. துன்பத்தில் இருந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்கள்தான், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. அப்படிப்பட்ட இடமாகத் தெரிந்தால் தயங்காமல் வேறு வீட்டைத் தேடுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். சின்னதாக ஒரு காரியம் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் யார் அதைக் கேட்கிறார் என்று பாருங்கள். நீங்களும் ஒருவர் சொன்னதை நினைவில் வைத்துப் போய்க் கேளுங்கள்.

அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது அந்த நோட்டு என்னிடம் இருக்கிறது, அக்காவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. போன வாரம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒரு பெண் புதிதாக வந்தாள். அரியர் பேப்பர் ஒன்று, செவ்வாய்க்கிழமை பரீட்சை என்றாள். எழுதி வைத்திருக்கிறேன், நாளை வியாழன்.

வருகிற ஞாயிறு உடனே பஸ் ஸ்டாப்புக்குப் போகாதீர்கள். வாசலில் கைகுலுக்க நிற்கிற ஆயரிடமோ சபை ஊழியரிடமோ உங்கள் தெருப் பெயரைச் சொல்லி, "இந்தப் பக்கம் எந்த வீட்டில், என்றைக்கு ஜெபம்?" என்று கேளுங்கள்.